நீளமான வார்த்தையா? நறுக்கிப் பாருங்கள்!

போன வருஷம் என் மாமியாருக்குத் திடீரென்று தலைசுற்றல். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஹைப்போகிளைசீமியா' என்று ரயில் வண்டி மாதிரி ஒரு வார்த்தை. சர்க்கரை சமாசாரம் என்று மட்டும் புரிந்தது. 'ஏறித்தான் போயிருக்கும்' என்று நானாகவே முடிவு கட்டி, சாதத்தைக் குறைத்தேன். ராத்திரிக்கு ஒரே ஒரு சப்பாத்தி!

மூன்றாம் நாள் விடிகாலை மாமியாருக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"ஐயோ அம்மா, 'ஹைப்பர்'னாதான் அதிகம். இது 'ஹைப்போ', கம்மி! பாட்டிக்குச் சர்க்கரை இறங்கிப் போச்சு!"

நல்லவேளை, நினைவு இருந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டார். அன்றே டாக்டரிடம் போனோம்; மாத்திரையின் அளவைக் குறைத்தார். (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிதான்.)

அப்புறம் மகளிடம் நான் பாடம் கேட்டேன். நீள வார்த்தையை இரண்டு விதமாக நறுக்கலாமாம்.

வாயில் நுழைய, ஓசைப்படி: செய்யுளுக்கு அசை பிரிப்போமே, அந்த மாதிரி. டான்-சி-லை-டிஸ். ஒவ்வொரு துண்டுக்கும் கை தட்டிச் சொல்லச் சொன்னால், குழந்தைகளுக்கு ஸ்பெல்லிங்கும் சுலபமாக வரும்.

மனசில் நிற்க, அர்த்தப்படி: பள்ளிக்கூடத்தில் பகுதி, விகுதி பிரித்தோமே, அதேதான். ஹைப்போ என்றால் குறைவு, நடுவில் வரும் 'கிளைசு' இனிப்பு, ஈமியா ரத்தம். மூன்றையும் சேர்த்தால், ரத்தத்தில் சர்க்கரை குறைவு. எல்லாம் கிரேக்க மொழியிலிருந்து வந்த துண்டுகள்.

இன்னும் சில துண்டுகள்:

* ஐடிஸ் – அழற்சி. 'ஆர்த்ரைடிஸ்' மூட்டு அழற்சி. 'டான்சிலைடிஸ்' தொண்டைச் சதை அழற்சி.
* எக்டமி – வெட்டி எடுப்பது. 'ஹிஸ்டரெக்டமி' என்றால் கர்ப்பப்பையை எடுப்பது. கையெழுத்துப் போடுமுன் தெரிய வேண்டாமா?
* தெர்மோ – வெப்பம்; மீட்டர் – அளப்பது. அதுதான் நம் வீட்டு தெர்மாமீட்டர்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நறுக்கத் தெரிந்ததால் நாம் டாக்டராகிவிட மாட்டோம். 'அனீமியா'வைப் பிரித்தால் 'ரத்தம் இல்லை' என்று வரும். உண்மையில் அது ரத்த சோகைதான். ஆனால், சரியான கேள்வி கேட்கத் தைரியம் வரும்.

அன்று நானும் "டாக்டர், இது கம்மியா, அதிகமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் கேளுங்கள். பதிலைச் சீட்டின் ஓரத்தில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.