மட்டாஞ்சேரியில் நம் மாணவர்

யூதர் என்னும் சொல்லை நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் திருப்பலி வாசகங்களில் கேட்கின்றனர். ஆயினும் அவர்களுள் பலர், அவ்வினத்தார் விவிலியத்தோடு மறைந்துபோனவர் என்றே எண்ணியிருந்தனர். கொச்சியைக் கண்டால் இவ்வெண்ணம் மாறும் என்று கருதி, ஜேடர்பாளையத்திலும் சுற்றூர்களிலுமுள்ள கல்லூரி மாணவ மாணவியரை இரண்டு நாள் பயணமாக அழைத்துச் சென்றோம். ஈரோட்டில் இரயிலேறினோம். கட்டுச்சோற்று மூட்டைகள் பாலக்காடு வருமுன்னரே தீர்ந்துவிட்டன!

மட்டாஞ்சேரியின் பரதேசி செபக்கூடம் 1568இல் எழுப்பப்பட்டது. கொச்சி மன்னரின் அரண்மனையும் பகவதி கோயிலும் அதற்கு அடுத்தே நிற்கின்றன. காலணிகளைக் கழற்றிவிட்டே உள்ளே செல்லவேண்டும். தரையில் பதித்துள்ள நீலவண்ண ஓடுகள் 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து கப்பலில் வந்தவை, கையால் வரையப்பட்டவை. வெளியே நிற்கும் மணிக்கூண்டு 1760ஆம் ஆண்டினது.

இவற்றினும் நம் மாணவரைக் கவர்ந்தது செப்பேட்டின் செய்தி. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கினான். பகல்விளக்கும் பல்லக்கும் குடையும் அவற்றுள் அடங்கும். எழுத்து வட்டெழுத்து, மொழியோ நம் பழந்தமிழுக்கு மிக நெருங்கியது. யூதர் இம்மண்ணுக்கு அந்நியர் அல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவர்களுக்குத் தீங்கு நேர்ந்தது எவரால்? 1662இல் டச்சுக்காரர் கொச்சியைத் தாக்கிப் பின்வாங்கியபோது, யூதர் அவர்களுக்கு உதவினர் என்று கூறிப் போர்த்துக்கீசியர் யூதத் தெருவைச் சூறையாடிச் செபக்கூடத்திற்கும் தீயிட்டனர். மறு ஆண்டு டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றிய பின்னரே அது மீண்டும் எழுந்தது. இதனைக் கேட்ட மாணவி ஒருத்தி, "சாமி, போர்த்துக்கீசியர் நம் சபையார்தாமே?" என்று வினவினாள். ஆம் என்பதற்கு மேல் அவ்விடத்தில் நின்று சொல்ல ஒன்றுமில்லை.

யூதருக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று. அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள், இதே செபக்கூடத்தில் பிறரோடு சமமாக அமர முடியாதிருந்தது. அவ்வழியில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பாராக் சேலம் (1882-1967) அறப்போர் நடத்தி அவ்வழக்கத்தை எதிர்த்தார். நம் மறைமாவட்டத்தின் பெயரே அவர் பெயரிலும் இருந்தது மாணவர்க்கு வியப்பு! வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது என்று அவர்களுக்கு நினைவூட்டினேன். சிரிப்பு அடங்கிற்று.

இசுரயேல் நாடு 1948இல் தோன்றியபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோகன் அம்மையார் 2019இல் தம் 96ஆம் வயதில் மறைந்தார். முதுமையில் அவரைப் பேணியவர் ஓர் இசுலாமியர்.

அன்றிரவு தங்குமிடத்தில் ஐரோப்பாவின் கதையை எடுத்துரைத்தேன். 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். 1935இல் யூதரின் குடியுரிமை சட்டத்தால் பறிக்கப்பட்டது. 1938 நவம்பரில் செபக்கூடங்கள் எரிந்தன. பின்னர் இரயில் வண்டிகள், முகாம்கள், நச்சுப்புகை. கொல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ 60 இலட்சம். அவர்களுள் சிறார் 15 இலட்சம் அளவினர். 2011 கணக்கெடுப்பின்படி நாமக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை 17 இலட்சத்திற்குச் சற்று மேல். அதைப்போல் மூன்றரை மடங்கு என்றதும் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

யூதக் குடும்பத்தில் பிறந்து 1922இல் திருமுழுக்குப் பெற்று, கார்மேல் துறவியான புனித எதித் ஸ்டைன் 1942 ஆகஸ்டு 9 அன்று அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். ஆலந்து ஆயர்கள் யூதரை நாடு கடத்துவதைக் கண்டித்து ஆலயங்களில் மடல் வாசிக்கச் செய்தனர். அதற்குப் பழிவாங்கவே கத்தோலிக்கரான யூதரும் பிடிக்கப்பட்டனர். அவரை நாம் பீடத்தில் வைத்து வணங்குகிறோம், நன்று. ஆனால் அவரோடு மடிந்தோருள் மிகப் பலர் திருமுழுக்குப் பெறாதவர்கள். அவர்களுக்காகவும் நம் நெஞ்சு நோகவேண்டாமா?

கொலைஞருள் பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை நம்பிக்கையற்றவர் எனக் குறித்த சொல்லை 1959இல்தான் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் நீக்கினார். கிறிஸ்துவின் மரணப்பழியை அக்கால யூதர் அனைவர்மீதோ இக்கால யூதர்மீதோ வேறுபாடின்றிச் சுமத்தலாகாது என்று 1965இல் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. குருமடத்தில் இவ்வேட்டைப் பாடமாகப் படித்தோம். படித்தது பங்குகளின் மேடைவரை வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

மேடை என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஊர் திரும்பிய மறு வாரமே மாணவர் எம் பங்கின் பாஸ்கு நாடக ஏட்டைக் கையிலெடுத்தனர். அதில் 'யூதர்கள்' என்று வருவோர் கோர முகம் பூசிக்கொண்டு ஆண்டவரை அடிப்பர்; இயேசுவும் அன்னை மரியாளும் திருத்தூதரும் யூதரே என்பதற்கு ஓர் அடியும் இல்லை. அவ்வேடங்களுக்கு 'படைவீரர்', 'கூட்டத்தார்' என்று பெயர் மாற்றவும், கோரப் பூச்சை விடவும் மாணவர் கேட்கின்றனர். முப்பது ஆண்டுகளாக அவ்வேடம் கட்டும் பெரியவர் ஒருவர், "எங்கப்பா எழுதின ஏடு சாமி, அதுல கை வைக்காதீங்க" என்கிறார். அவர் வருத்தமும் பொய்யன்று. தவக்காலத்துக்கு முன் பங்குப் பேரவை கூடி இதைப் பேச இருக்கிறது. மாணவர் இருவரையும் அப்பெரியவரையும் ஒரே மேசைக்கு அழைத்திருக்கிறேன்.