கத்தியா, மாத்திரையா: ஸ்கேன் சொல்லும் தீர்ப்பு

பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கு, மெஷினில் உட்காராத நாள் கூலியில்லாத நாள். குடல்வால் வீங்கியிருக்கிறது என்றதும், “ஆபரேஷன் இல்லாம மாத்திரையிலயே சரியாகாதுங்களா டாக்டர்?” என்று அவர் கேட்டால், அதில் பயத்தைவிடக் கணக்குதான் அதிகம். நியாயமான கேள்வி. சிலருக்குச் சரியாகும்.

யாருக்கு என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். 1986-இல் நெதர்லாந்து மருத்துவர் புய்லார்ட் ஒரு வழி காட்டினார். அல்ட்ரா சவுண்ட் கருவியை வயிற்றில் மெல்ல அழுத்தினால், நல்ல குடல் அமுங்கிவிடும். அழற்சி கண்ட குடல்வால் அமுங்காது. விட்டம் 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். இளம்பெண்கள் நிறைந்த பனியன் கம்பெனிகளில், அதே வலி சினைப்பைக் கட்டியாலும் வரலாம் என்பதால் இந்தச் சோதனையின் தேவை கூடுகிறது. அதில் தெளிவில்லையென்றால் சி.டி.

2015-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், சிக்கலற்ற அழற்சி என்று சி.டி.யில் உறுதியான 257 பேருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் 27 சதவீதத்தினருக்கு அறுவை தேவைப்பட்டது. ஐந்தாண்டில் 39 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. அமெரிக்காவில் 2020-இல் வந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஆன்டிபயாடிக் எடுத்து, குடல்வாலுக்குள் கல்லும் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் 90 நாளுக்குள் ஆபரேஷன் மேஜைக்கே போனார்கள். கல்லில்லாதவர்களில் 25 சதவீதம்தான். ஆக, “கல் இருக்கா?” என்று கேட்டுவிட்டு மாத்திரைக்குத் தலையாட்டுவது நல்லது.

மருந்து வேலை செய்கிறதா என்று தினம் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. வலி குறைந்து, காய்ச்சல் விட்டு, பசி எடுத்தால் அதுவே சான்று. திருப்திக்காக ஸ்கேன் எடுப்பது வீண் செலவு, சி.டி. என்றால் கதிர்வீச்சும் சேரும். இரண்டு மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லையென்றால் கதை வேறு. சீழ் கட்டியிருந்தால், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியோ குழாயோ செலுத்தி வடிப்பார்கள். கட்டி சுருங்குகிறதா என்று பிறகும் பார்ப்பார்கள்.

சீழ்க்கட்டி ஆறியவர்கள், அதிலும் நாற்பதைக் கடந்தவர்கள், அத்தோடு மறந்துவிடக் கூடாது. 2019-இல் வந்த மற்றொரு பின்லாந்து ஆய்வில், இப்படி ஆறிய 60 பேரில் ஒரு பிரிவினருக்கு அறுவை, மற்றவர்களுக்கு எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு என்று பிரித்தார்கள். மொத்தம் 12 பேருக்குக் குடல்வாலில் புற்று அல்லது புற்றாகக்கூடிய கட்டி தெரிந்தது. எல்லோருமே நாற்பதைத் தாண்டியவர்கள். இந்த அபாயம் தெரியவந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள்.

மறு பரிசோதனைக்கு லீவு போட்டால் கூலி போகுமே? ஈ.எஸ்.ஐ. பிடித்தம் முறையாக நடந்து, தகுதி நாட்களும் நிறைந்திருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பெயரே பதியாத கான்ட்ராக்ட் ஆளுக்கு அதுவும் இல்லை. வலி விட்டதும் அவர் மெஷினுக்குத் திரும்பிவிட்டால், அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?