சீகிரியாவில் இறங்கிய புட்பக விமானம்

சென்ற விடுமுறையில் எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணாக்கர் நாற்பதின்மரை அழைத்துக்கொண்டு சீகிரியாவுக்குச் சென்றிருந்தோம். இனாமலுவச் சந்தியில் கிழக்கே திரும்பிய பேருந்து, விமானப்படையின் ஓடுபாதை அமைந்துள்ள கிம்பிஸ்ஸவைக் கடந்து குன்றின் அடிவாரத்தை அடைந்தது. வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும் என்று விரைந்தோம். இருந்தும் சிங்கப் பாதங்களுக்கு அருகில் எல்லாருக்கும் மூச்சு வாங்கியது.

அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தபொழுது வழிகாட்டி ஒருவர், வெளிநாட்டார் சிலருக்கு உற்சாகமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இக்குன்றின் உச்சியே இராவணேசுவரனது விமானத்தளம். புட்பக விமானம் வந்திறங்கியது இங்கேதான் என்றார். எம் மாணாக்கருக்கு உள்ளம் பூரித்துவிட்டது. அவர்களுள் ஒருவன் கைத்தொலைபேசியில் அதே செய்தியைக் கூறும் காணொளி ஒன்றையும் எடுத்துக் காட்டினான்.

"இது மெய்தானா, சேர்?"

"இதைச் சொன்னவர் யார், தம்பி?"

"எல்லாரும் சொல்லுகினம்!"

அன்று மாலைவரை எமது உரையாடல் இந்த 'எல்லாரும்' என்ற சொல்லைச் சுற்றியே சென்றது. விமானங்களைப் பற்றியும் விமானக் கம்பெனிகளைப் பற்றியும் நாள்தோறும் எத்தனையோ செய்திகள் நம் வீட்டுக்குள் வருகின்றன. அவற்றுள் எதை நம்புவது, எங்கே சரிபார்ப்பது என்பதை அன்று எம் பிள்ளைகளுடன் பேசியவாறே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் குன்றையே எடுத்துக்கொள்வோம். இதனைக் கோட்டையாக்கியவன் காசியப்பன் என்று சூளவம்சம் கூறுகின்றது. அவன் ஆண்டது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. பின்னாளில் வந்து பார்த்தவர்கள் கண்ணாடிச் சுவரிலே தம் மனத்திற் பட்டதைச் செய்யுள்களாகக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685ஐப் பேராசிரியர் பரணவிதான படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். வந்தவர்களிற் பலர் தம் பெயரையும் ஊரையும் கூட எழுதிவிட்டுப் போயிருக்கின்றார்கள். கண்டவர் இன்னார், இன்ன ஊரார், கண்டது இது என்று சொல்லும் செய்தியை ஆராய்ந்து பார்க்க வழியுண்டு. 'எல்லாரும்' சொல்லும் செய்திக்கு அந்த வழி ஏது?

புட்பக விமானத்தை நாம் பழிக்கவில்லை. குபேரனிடமிருந்து இராவணன் கவர்ந்த அந்த ஊர்தி, கவியின் கற்பனைக்கு எத்தனை பெரிய சிறகு! கம்பனைப் படிக்கும் நேரத்தில் யாரும் அதன் இயந்திரம் என்ன வகை என்று கேட்பதில்லை. கேட்பவன் காவியத்தையும் இழப்பான், இயந்திரத்தையும் அறியான். ஆனால் காவியத்தை எடுத்து வந்து விமான வரலாறு என்று பாடப்புத்தகத்தில் வைக்க முற்படும்போது கேள்வி கேட்கத்தான் வேண்டும். 'வைமானிக சாஸ்திரம்' என்றொரு வடமொழி நூலைப் பலர் சான்று காட்டுவர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து அறிஞர் ஐவர் அதனை ஆராய்ந்து 1974இல் முடிவை வெளியிட்டனர். அந்நூல் பரத்துவாச முனிவர் காலத்ததன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது என்பதும், அதிற் சொல்லப்பட்ட ஊர்திகள் பறக்கும் இயல்பற்றவை என்பதும் அவர்கள் கண்டவை.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எமது நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையே பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, இராவணனின் ஆகாயப் பயணம் பற்றிய ஏடுகளும் நூல்களும் இருந்தால் தருமாறு பொதுமக்களைக் கேட்டது. இதைச் சொன்னதும் காணொளி காட்டிய மாணவன் வெற்றிப் புன்னகை பூத்தான். "பார்த்தீர்களா, அரசாங்கமே சொல்லுகிறது!" என்றான். இல்லை, தம்பி. அரசாங்கம் சொல்லவில்லை, கேட்டிருக்கின்றது. ஆதாரம் வேண்டும் என்று விளம்பரம் செய்பவரிடம் ஆதாரம் இருப்பதாகக் கொள்ளலாமா?

அதே அதிகாரசபைக்கு வேறொரு பணி உண்டு. அங்கேதான் அதன் சொல்லுக்கு எடை அதிகம். 1944இல் சிகாகோவில் நாடுகள் பல கூடிச் செய்த உடன்படிக்கையின் வழிவந்த விதிகளின்படி, ஒவ்வொரு நாடும் தன் விமானத்தளங்களைப் பற்றிய தகவல் நூல் ஒன்றை வெளியிட வேண்டும். ஓடுபாதையின் நீளம், திசை, விளக்குகள், சுற்றிலும் உள்ள உயரமான தடைகள் யாவும் அதில் வரும். முக்கியமான மாற்றங்கள் 28 நாட்களுக்கு ஒருமுறை வரும் குறித்த தேதிகளில் நடைமுறைக்கு வருகின்றன. இடையில் நேரும் அவசரச் செய்திகளை 'நோட்டாம்' என்னும் அறிவித்தல் தாங்கி வருகின்றது. கிம்பிஸ்ஸவில் நாம் கடந்து வந்த ஓடுபாதைக்கும் உலகெங்கும் ஒரே பெயர்தான்: வீ-சீ-சீ-எஸ் என்ற நான்கு எழுத்துக்கள். யாழ்ப்பாணத்துக்கு வீ-சீ-சீ-ஜே; இரத்மலானைக்கு வீ-சீ-சீ-சீ. இந்நூலில் ஓர் எண் பிழைத்தால் உயிர் போகும். ஆதலால் எழுதுகின்றவர் கவனமாக எழுதுகின்றார். பிழைத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று பார்ப்பது, ஒரு செய்தியை எடைபோட நாம் கையாளும் வழிகளுள் ஒன்று.

பிழையான செய்தி எவ்வளவு கொடியது என்பதை எம் தலைமுறையினர் கண்ணாற் கண்டிருக்கின்றோம். 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள், பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம், 55 பேருடன் மன்னார்க் கடற்பக்கம் மறைந்து போயிற்று. அப்பொழுது நாம் மாணவராயிருந்தோம். விமானம் எங்கேயோ இறக்கப்பட்டிருக்கின்றது, ஆட்கள் உயிருடன் இருக்கின்றார்கள் என்ற பேச்சு எம் ஊரில் எத்தனை காலம் உலவியது! எமது தெருவில் ஒரு தாய், மகனுக்கென்று ஒரு தட்டுச் சோறு எடுத்து வைப்பதை நிறுத்தவேயில்லை. 2012இல் இரணைதீவுக்கு அப்பாற் கடலடியில் சிதைவுகள் கண்டறியப்பட்டன. பின்னர், மீட்கப்பட்ட உடைகள் உறவினர் அடையாளம் காணும்பொருட்டு யாழ்ப்பாணத்தில் வைக்கப்பட்டன. பதினான்கு ஆண்டுகள்! அந்தப் பேச்சை முதலில் பேசியவர் யார் என்று இன்றைக்கும் எவருக்கும் தெரியாது.

விபத்துக்களைப் பொறுத்தவரை, நாம் தேட வேண்டியது விசாரணை அறிக்கையை. சர்வதேச விதிப்படி முப்பது நாட்களுள் முதனிலை அறிக்கை வர வேண்டும். முடிவறிக்கை இயன்றால் ஓராண்டுக்குள். அதன் நோக்கம் எவரையும் குற்றவாளி ஆக்குவதன்று, மறுபடி நேராமற் காப்பதே. ஆயினும் அறிக்கை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவிடலாகாது. 1978 நவம்பர் 15ஆம் நாள் கட்டுநாயக்காவில் இறங்க வந்த ஐஸ்லாந்து நாட்டு விமானம் வீழ்ந்து, அதிலிருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். ஹஜ் யாத்திரை முடித்து வீடு திரும்பிய இந்தோனேசிய மக்களே அவர்களுட் பெரும்பாலார். விமானிகள் இறங்கும் முறையைக் கைக்கொள்ளவில்லை என்றது இலங்கை விசாரணை. தளத்துக் கருவிகளிலும் கட்டுப்பாட்டிலும் குறை என்றது ஐஸ்லாந்து. தத்தம் வீட்டுப் பிள்ளையைத் தாமே குற்றஞ் சொல்லத் தயங்குவது நாடுகளுக்கும் இயல்பு போலும். இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் படிப்பதே முறை.

பெற்றோருக்கு மிக நெருங்கிய விடயம் ஒன்று உண்டு. எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, தாலிக்கொடி ஒன்று நீங்கலாக மற்ற நகையெல்லாம் அடகு வைத்து, மகனை விமானத்துறைப் பயிற்சி நிலையம் ஒன்றிற் சேர்த்தது. வழவழப்பான தாளில் அச்சிட்ட கைநூல், வாசலில் விமானப் படம், சீருடை வேறு. ஓராண்டு கழிந்த பின்பே, அந்நிலையம் தரும் சான்றிதழைக் கொண்டு விமானியின் உரிமம் பெறும் வழியில் ஓரடியும் வைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிய வந்தது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியலை முன்பு சொன்ன அதிகாரசபை வைத்திருக்கின்றது. பணம் கட்டுமுன் அதனைப் பார்க்க அரைமணி நேரம் போதும். பட்டியலில் இல்லாத பெயருக்கு எவ்வளவு அழகான கட்டிடம் இருந்தென்ன? அந்தப் பையன் இன்று தகப்பனாரின் கடையில் நிற்கின்றான், நகைகள் மூழ்கிவிட்டன.

பழைய வரலாறு தேடுவோர், கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பழம் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கலாம். எயார் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் நாள் முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. அதன் டக்கோட்டா விமானங்கள் மூன்றனுள் ஒன்றன் பெயர் 'சீதாதேவி'. (இராவணன் செய்தி பரப்புவோர் இதை இன்னும் காணவில்லை, கண்டால் என்ன சொல்வார்களோ!) எம் பாட்டனார் அந்தச் சீதாதேவியில் ஏறிச் சென்னைக்குப் போன கதையை வாய் ஓயாமற் சொல்வார். எந்த ஆண்டு என்று கேட்டால் மட்டும் ஒவ்வொரு முறையும் ஓர் ஆண்டைச் சொல்வார். அவர் மறைந்த பின்பு அவருடைய தகரப் பெட்டியிற் பயணச்சீட்டின் அடிக்கட்டை கிடைத்தது. அவர் சொன்ன ஆண்டுகளில் ஒன்றுகூட அதில் இல்லை. ஆயினும் போனது மெய், கட்டை சான்று. வீட்டில் முதியவர்கள் வைத்திருக்கும் இத்தகைய துண்டுக் காகிதங்களைத் தயவுசெய்து அடுப்பில் இடாதீர்கள்.

குன்றிலிருந்து இறங்கி வரும்போது, காலையிற் கதை சொன்ன வழிகாட்டியை வாகனத் தரிப்பிடத்தருகே கண்டோம். இளநீர் குடித்துக்கொண்டு நின்றார். எம் மாணவன் நேரே அவரிடம் போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "புட்பக விமானம் இங்கே இறங்கியதை உங்களுக்குச் சொன்னவர் யார்?" என்று கேட்டான். அவர் கோபிக்கவில்லை. இளநீர்க் கோம்பையைக் கீழே வைத்துவிட்டு, எம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"காசியப்பன் கதையைத்தான் நான் முதலிற் சொல்லுகிறது, மாத்தயா. அவர்கள்தான் இராவணனைக் கேட்கிறார்கள்."

பேருந்து புறப்பட்ட பின்பு அந்த மாணவன் காணொளியை மறுபடி எடுத்துப் பார்த்தான். அதனை எடுத்தவரின் பெயர் எங்காவது இருக்கின்றதா என்று தேடிக்கொண்டே தம்புள்ளை வரை வந்தான்.