அழகர்கோவில்: மலையும் நாடும் வைகையும்

மதுரைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், அழகர்மலை அடிவாரத்தில் அமைந்த அழகர்கோவில் 108 வைணவத் திவ்ய தேசங்களுள் ஒன்று. மலைமேல் நூபுர கங்கை எனப்படும் சிலம்பாறு பாய்கிறது.

நாட்டாட்சி
மேலூர் வட்டாரக் கள்ளர் சமூகத்தினர் பல ஊர்களைச் சேர்த்து ‘நாடு’ என வகுத்துக்கொண்டனர். அம்பலகாரர்கள் தலைமையில் கூடி வழக்குத் தீர்த்தனர். சாட்சியில்லாத வழக்குகள் அழகர்கோவிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பசாமி வாசலில் சத்தியத்தால் முடிந்தன. இங்கே கருப்பருக்குச் சிலை இல்லை. சந்தனம் பூசிய பெருங்கதவுகளுக்கே பூசை.

ஆற்றுத் திருவிழா
முன்பு இக்கோயிலின் திருமாலான அழகர் தேனூர் அருகே வைகையில் இறங்கினார் என்பது மரபு. மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அதையும் அழகர் ஆற்றில் இறங்கும் விழாவையும் மதுரையில் இணைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பர். மண்டூக முனிவருக்கு அழகர் சாப விமோசனம் தரும் வண்டியூர் மண்டபம் இன்றும் ‘தேனூர் மண்டபம்’ எனப்படுகிறது.

கையில் நேரிக்கம்புடன் கள்ளர் கோலத்தில் மதுரைக்குப் புறப்படும் அழகர், கருப்பர் சன்னதியில் விடைபெறுவார். அங்கே அவருடைய நகைப் பட்டியல் வாசிக்கப்படும்.

கருப்பர் சன்னதிக் கதவுகள் வழிபாட்டுக்குரியவை. தொடாமல் வணங்குங்கள்.