சூட்டுப் புண் என்றுதான் நினைத்தேன்!

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லில்தான் ஆரம்பித்தது. அடைத்திருந்த சிமென்ட் விழுந்து, பல்லின் ஓரம் உடைந்து கத்தி மாதிரி நின்றது. குழந்தைக்குப் பள்ளிக்கூடம், மாமியாருக்குக் கஞ்சி, இவருக்கு டிபன் காரியர் என்று ஓடுகிறவளுக்குப் பல் டாக்டரிடம் போக ஏது நேரம்? பல் உராய்ந்து உராய்ந்து நாக்கின் ஓரத்தில் புண் வந்துவிட்டது.

"உடம்பு சூடும்மா, வேறென்ன?" என்றார் மாமியார். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப் பால், வெண்ணெய், பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை... ஒன்றையும் விடவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் பல் டாக்டரிடம் போனேன். அவர் கூர்முனையை ராவிவிட்டு, "இனி ஆறிடும்" என்றார். திரும்ப வந்து காட்டச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. அதற்கப்புறம் சும்மா கழித்த இரண்டு மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. கூர்மை போன பிறகும் புண் ஏன் ஆறவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை! வலியும் பெரிதாக இல்லை. காதுக்குள் மட்டும் அவ்வப்போது குத்தும். அது நாக்குப் புண்ணின் வலி என்று யார் கண்டது?

என் நாலு வயதுப் பெண்ணின் பல்லைக் காட்டப் போன இடத்தில், நான் பேசுவதைக் கவனித்த டாக்டரம்மா, "நீங்க வாயைத் திறங்க" என்றார். விரலால் தொட்டுப் பார்த்தார். புண்ணின் அடி கெட்டியாக இருந்ததாம். துணுக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. புற்றுநோய்.

"நான் வெற்றிலைகூடப் போட மாட்டேனே, டாக்டர்!"

"புகையிலையும் பாக்கும்தான் முக்கியக் காரணம். ஆனால் அதெல்லாம் இல்லாதவங்களுக்கும் வரும். புண் எதனால வந்ததுங்கறதைவிட எத்தனை நாளா இருக்குன்னு பாருங்க. இரண்டு வாரத்துக்கு மேல ஆறலைன்னா காட்டிடணும்" என்றார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் உருவான அடையாறு மருத்துவமனையில் சேர்ந்தேன். நாக்கில் ஒரு பகுதியையும் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு 30 நாள் கதிர்வீச்சு. அதற்கு முன்பே சொத்தைப் பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு சரியாக ஆறாதாம்.

மூக்கு வழியே குழாயில்தான் முதலில் ஆகாரம். அப்புறம் ஆறின கேழ்வரகுக் கஞ்சி, மிளகாய் படாத பருப்புச் சாதம், நன்றாகக் கரைத்து. வாய் வறண்டு போகும். தண்ணீர் பாட்டில் கையைவிட்டு இறங்காது. இவர் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். (அந்தக் குழம்பை அப்போது நான் சாப்பிட முடியாமல் போனது என் அதிர்ஷ்டம்!) பக்கத்து வீட்டு அம்மாள் எனக்கென்று தனி டம்ளர் வைத்தாள். இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று எழுதிக் காட்டினேன்.

பேச்சுதான் பெரிய கஷ்டம். 'ழ' வரவே இல்லை. "பழம் சாப்பிடு" என்பேன். "பயம்" என்றுதான் வரும். "ஏம்மா பயம் பயம்னு சொல்றே?" என்று குழந்தை கேட்டபோது அழுகையை அடக்க முடியவில்லை. பேச்சுப் பயிற்சியில் கண்ணாடி முன் உட்கார்ந்து தினமும் அரைமணி நேரம் சொல்லிச் சொல்லிப் பழகினேன். என் பெண்தான் வாத்தியார்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள், "பழம்" என்றேன். என் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"இப்போ கொஞ்சம் சரிம்மா. இன்னொரு தரம் சொல்லு."