69 அடிக்கு என்ன கலர்?

ஆண்டிபட்டி பக்கத்தில் இருக்கும் நம்ம வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கு இது போகும்.

இதை பவர் ஆப்ஸ்ல ஒரு சின்ன ஆப்பா செய்யணும்னு வைங்க. நீர்மட்டம் காட்டுற லேபிளோட 'கலர்' ப்ராப்பர்ட்டியில் ஒரே ஒரு இஃப் ஃபார்முலா போதும். தமிழில் எழுதினா இப்படி இருக்கும்:

இஃப்(மட்டம் >= 69, சிவப்பு, மட்டம் >= 68.5, ஆரஞ்சு, மட்டம் >= 66, நீலம், கருப்பு)

இதில் வரிசைதான் முக்கியம். இஃப் வரிசையா பார்த்துட்டே வரும். முதலில் எந்த கண்டிஷன் சரியா வருதோ, அதோட நின்னுடும். 66-ஐ முதலில் எழுதிட்டா? 69.5-ம் 66-ஐ விடப் பெருசுதானே, நீலத்தையே காட்டும். எரர் எதுவும் வராது, ஆப் ஜம்முனு ஓடும். ஆத்தங்கரையில் இருக்கறவர்தான் 'இன்னும் முதல் எச்சரிக்கைதானே'ன்னு சும்மா இருந்துடுவார்.

கலரை மட்டும் நம்பவும் வேண்டாம். சிலருக்கு சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. அதே வரிசையை 'டெக்ஸ்ட்' ப்ராப்பர்ட்டியிலும் போட்டு, 'மூன்றாம் எச்சரிக்கை'ன்னு வார்த்தையாவே காட்டுங்க. எழுத்தை போல்டும் ஆக்கலாம்.

கடைசியா 65.9, 66, 68.5, 69 நாலையும் கொடுத்து டெஸ்ட் பண்ணுங்க. ஃபார்முலா தப்பினா இந்த எல்லைகளில்தான் தப்பும்.