வாங்கும் கையும் வழங்கும் கையும்

இலண்டனுக்கு வெளியே, கென்ட் வட்டாரத்துத் தச்சன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பழைய டீசல் பிக்கப் வண்டி. பின்னாலே ஏணி, இரம்பம். யூரோ 6 தரம் எட்டாத வண்டியாம்! நகருக்குள் ஓட்டினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டு என்கிறார்கள். 2023 ஆகஸ்டு 29 முதல் இலண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் இதுவே விதி. புத்தம் புதிய பிக்கப்பிலே பவனிவரும் சீமானுக்கு இந்தக் கட்டணம் கிடையாது.

நிறுத்திய வண்டிக்குக் கட்டணமில்லை, நகர்ந்தால் உண்டு. நாள் என்பதோ நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை! இரவு பதினொரு மணிக்கு நுழைந்து, ஒரு மணிக்குத் திரும்பினால் 25 பவுண்டு. இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு நாள் கணக்கு! கட்டத் தவறினால் அபராதம் 180.

நச்சுப் புகைக்கு நாம் வக்கீல் அல்ல. 2013-லே ஒன்பது வயதுச் சிறுமி எல்லா கிஸ்ஸி-டெப்ரா மாண்டாள். காற்றின் மாசும் காரணமென்று 2020-லே மரண விசாரணையில் தீர்ப்பாயிற்று. அந்தப் புகை ஒழியத்தான் வேண்டும்.

ஆனால், பழைய வண்டியைக் கழித்துக்கட்ட உதவித்தொகை தந்தார்களே, யாருக்கு? இலண்டன்வாசிக்கும், இலண்டனிலே பதிவான சிறு தொழிலுக்கும்! வாங்கும் கை முகவரி கேட்கவில்லை. வழங்கும் கை மட்டும் கேட்டதேன்? 2024-லே அந்த உதவியையும் மூடிவிட்டார்கள். கென்ட் தச்சன் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறான்.